அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஓட்டலில் நீ, நான், அம்மா மூவரும் சாப்பிட்டது நினைவிருக்கும். எழுந்திருக்கும்போது இலை எடுக்க வந்த பெரியவரிடம் நீ தேங்க்ஸ் என்றாய். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் ஏதாவது வேணுமா தம்பி என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். வண்டியை எடுக்கும்போது என்னிடம் கேட்டாய்: "ஏம்ப்பா, நீங்க யாருகிட்டயும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லயே, ஏன்?" நம்ம பக்கம் அப்படித்தாம்ல, மனசுல இருந்தாப் போதும் என்று சொல்லிவிட்டேன். நீயும் விட்டுவிட்டாய். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீ புனேவுக்கு ரயிலேறிய பிறகும் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை.

முதலில் நான் செய்தது வேடிக்கை பார்த்ததுதான். அறுபத்து மூன்று வயதில் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு ஊரைச் சுற்றினேன் என்றால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். நம் ஊரில் நன்றி என்ற சொல் கூட்டம் முடியும்போது மைக்கில் வருகிறது. பிளெக்ஸ் போர்டின் அடியில் வருகிறது. ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் சொல்லி நான் கேட்கவில்லை. அதனால் நம் ஆட்களுக்கு அந்த எண்ணமே இல்லை என்று முடிவுகட்டப் போனேன். அப்போதுதான் ஒருநாள் மினி பஸ்ஸில் எனக்கு முன்னால் இறங்கிய ஒரு அம்மா, டிரைவரைப் பார்த்து "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவர் தலையாட்டினார். அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. அவள் திரும்பி வரப்போவதும் இல்லை. பிறகு எதற்கு அந்த 'வாரேன்'? மருந்துக்கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஒருவர் "நல்லாருப்பீய" என்று சொல்லிப் போனார். நாளெல்லாம் காதில் விழுந்த சொற்கள்தான். என்னவென்று நான் கேட்டதில்லை. இடைசெவல் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருநாள் மதியம் கடைக்கு வந்தார். போன மாதம் எரிந்த மோட்டாருக்குக் கம்பி கட்டிக்கொண்டு போனவர். மோட்டார் மறுபடி புகைந்தால்தான் திரும்பி வருவார்கள், ஓடினால் யாரும் வருவதில்லை. அதனால் அவரைப் பார்த்ததும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் வாசலில் நின்றபடியே, தண்ணி நல்லா எடுக்குது அண்ணாச்சி, உளுந்துக்குப் பாச்சிட்டேன் என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். இதைச் சொல்லவா வந்தார் என்று எனக்கு ஆச்சரியம். அன்றைக்கு முழுவதும் என் கை தானாக வேலை செய்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்தது இரண்டு வாரம் கழித்து, வேறோர் இடத்தில். அதற்கு உன் மூன்றாவது வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

அது ஐப்பசி மாதம். பசுவந்தனைக்குக் கிழக்கே உன் அம்மாவின் பெரியம்மா வீட்டுக்கு நாம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மோட்டார் ஏற்றிப் போவதற்கு நான் வைத்திருந்த பழைய வேனில்தான் போனோம். மத்தியானம் உனக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஒரு தடவை வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது, நிற்கவில்லை. உன்னைத் துண்டில் சுற்றி அம்மா மடியில் போட்டுக்கொண்டு ஏற, நான் வண்டியை எடுத்தேன். ரோட்டில் ஓடைத் தண்ணீர் இடுப்பளவு போகிறது என்றார்கள். வண்டிப்பாதையில் திருப்பினேன். அவசரத்தில் செய்த முட்டாள்தனம். நனைந்த கரிசல் மண் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். பிசைந்த மாவு மாதிரி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. சுற்றிலும் பருத்திக்காடு, மழை, ஒரு ஆள் இல்லை. உன் வாயோரம் நுரை தள்ளியிருந்தது. அம்மா அழவில்லை. உன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தள்ளி ஒரு வேலமரத்தடியில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் ஆடுகளோடு நின்றிருக்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. அவரே வந்தார். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். வலிப்பு என்றாள் அம்மா. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆள் கூட்டிவரத் தூரத்துக் காட்டுப்பக்கம் ஓடினார். யாரும் அகப்படாமல் ஓடியே திரும்பி வந்தார். வேலங்கொப்புகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். சக்கரம் வழுக்கிக்கொண்டே சுற்றியது. கடைசியில் தலையிலிருந்த கம்பளியை உருவிச் சுருட்டி டயருக்கு முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். எடுங்க என்று சத்தம் வந்தது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி சிக்கிய குழியில் ஒரு தடவை பின்னுக்கு உருண்டு, பிறகு துள்ளி முன்னேறியது. அப்படிப் பின்னுக்கு உருண்டதில் ஒரு அலறல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பார்த்துவிட்டாள், அவருக்கு அடிபட்டுட்டு என்றாள். பிள்ளையப் பாரு என்று சொன்னேன். நிறுத்தவில்லை.

நிறுத்தியிருந்தால் வண்டி அங்கேயே மறுபடி புதைந்திருக்கும். அன்றைக்கு நிறுத்தாததற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. என் தப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் என்னாகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அதான் கொண்டாந்துட்டீங்கள்ல என்று மட்டும் சொன்னார். நான்கு நாள் கழித்து நீ வீட்டுக்கு வந்து, தட்டில் இருந்த இட்லியைத் தரையில் வீசினாய். அம்மா அன்றைக்குத்தான் அழுதாள். மறுநாள் காலையில், போய் அவரைப் பாத்துட்டு வாங்க என்று என்னை அனுப்பினாள். நான் கிளம்பினேன். பாதை பிரியும் இடத்து டீக்கடை வரைக்கும் போனேன். ஒரு டீ குடித்தேன். கால் எப்படி இருக்குமோ, ஊரே கூடி நின்று கேட்குமோ, என்ன சொல்வேன் என்று உட்கார்ந்தபடியே யோசித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம், பார்த்தேன், லேசான காயந்தான், பிள்ளை எப்படியிருக்குன்னு கேட்டார் என்று சொன்னேன்.

இந்தப் பொய்யோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வருடமும் மழை தொடங்கும்போது உன் அம்மா அவரை விசாரிப்பாள். அந்தப் பக்கம் மோட்டார் வேலைக்குப் போனபோது பார்த்தேன் என்பேன். உண்மையில் அந்தப் பக்கத்து வேலை வந்தால் வேறு கடைக்குக் கைகாட்டி விடுவேன். ஒரு வருடம் அவர் வீடு கட்டியிருப்பதாகச் சொன்னேன். இன்னொரு வருடம் அவர் மகளுக்குக் கல்யாணம் முடித்துவைத்தேன். அம்மா சந்தோஷப்படுவாள். நல்ல மனுசருக்கு நல்லதுதான் நடக்கும் என்பாள். எனக்கு அந்த நேரத்தில் சோறு இறங்காது. ஆனாலும் அடுத்த மழைக்கு இன்னொரு கதை தயாராக இருக்கும். சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லாமல் விட்டால் அது எங்கேயும் போய்விடுவதில்லை. அந்த மனிதரைப் பார்க்கவே பயம் வந்துவிடுகிறது. நமக்கு நல்லது செய்தவரைக் கண்டால் ஒளிய வேண்டியிருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன், இன்னும் முழுதாக விளங்கவில்லை.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் எழுதினாள். குலசாமிக்கு எடுத்து வைத்ததும் அடுத்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கம்பளி அண்ணாச்சிக்கு எழுதணும். பேரு என்னங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தேன், மகளைக் கட்டிக் கொடுத்தேன், ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. அவள் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையிலிருந்து திரும்பியது, அதற்குப் பிறகு சொன்னதெல்லாம். அவள் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, கெளம்புங்க என்றாள்.

இப்போது அந்த ஊர் வரைக்கும் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே காற்றாலைகள் சுற்றுகின்றன. பாதை பிரியும் இடத்து டீக்கடை மட்டும் இருக்கிறது, வேறு ஆள் நடத்துகிறார். ஆடு வைத்திருப்பவர், ரொம்ப நாளைக்கு முன்னால் வேன் ஏறிக் காலில் அடிபட்டவர் என்று சொல்லி முடிப்பதற்குள், நொண்டி சுடலைமுத்தா என்று கேட்டுவிட்டு வழி சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பெயர் சுடலைமுத்து. அதற்கு முன்னால் ஊர் ஒட்டவைத்த சொல் நான் கொடுத்தது.

சிமென்ட் ஷீட் போட்ட வீடு. பக்கத்தில் முள்வேலிப் பட்டியில் பத்துப் பன்னிரண்டு ஆடுகள். சுடலைமுத்து கட்டிலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். இடது பாதத்தில் இரண்டு விரல் இல்லை, பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். அவர் மனைவி பேச்சியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேனில் வந்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர் கயிற்றைக் கீழே வைத்தார். அம்மா தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டி, எங்க மகனுக்குக் கல்யாணம் அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் வரணும் என்றாள்.

அவர் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பிள்ளைக்குப் பொறவு பெறந்த பிள்ளையா?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"இல்லண்ணாச்சி. அந்தப் பிள்ளதான் இது. எங்களுக்கு ஒரே பிள்ள."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சுடலைமுத்து துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

பிறகு பேச்சியம்மாள்தான் விவரம் சொன்னார். சேற்றில் கிடந்தவரை அக்கம்பக்கத்துக் காட்டு ஆட்கள் மழை விட்ட பிறகு வந்து தூக்கிப்போய் விளாத்திகுளத்தில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து, நடக்க முடியாத காலோடு பஸ் ஏறிக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார், உன்னைக் கேட்டு. பெயர் தெரியாது. துண்டில் சுற்றியிருந்ததால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வலிப்பு வந்து கொண்டுவந்த பிள்ளை என்று வார்டு வாசலில் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். அங்கே படுத்திருந்த யாரோ, அப்படி ஒரு பிள்ளை போன வாரம் இறந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வேறு யார் பெற்ற பிள்ளையோ. இவர் நீதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நான் வராததற்கும் அதுதான் காரணம் என்று நினைத்திருக்கிறார்.

நான் அவர் காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"கால் வலிச்சதுக்கு ஒங்கள நல்லா ஏசியிருக்கேன் அண்ணாச்சி, பொய் சொல்லுவானேன். பிள்ள செத்துட்டுன்னு கேட்ட பொறவு ஏசல. பெத்தவன எப்படி ஏசுதது? ஆனா ஒண்ணு மனசுல கெடந்து அறுத்துக்கிட்டே இருந்துச்சு. நான் ஆள் கூட்டியாறேன்னு அங்கன ஓடினேம்லா. யாரும் இல்ல, சும்மா ஓடிட்டு வந்தேன். அந்த நேரத்துல கம்பளியப் போட்டிருந்தா பிள்ள பொழச்சிருக்குமேன்னு."

பேச்சியம்மாள் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். குரல் உயரவில்லை. "இவிய மழை வந்தா அந்தப் பாதையில ஆடு பத்த மாட்டாவ. சுத்திப் போவாவ. இத்தன வருசம். நீங்க நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம். பிள்ள பொழச்சிட்டுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா."

கும்பிட்டேன். வேறென்ன செய்ய? உன் அம்மா எழுந்து போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கையை விலக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. சாப்பிடச் சொல்லிக் கம்மங்கஞ்சி கொடுத்தார்கள். அதைக் கொடுக்கும்போதும் பேச்சியம்மாளின் கோபம் தீரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. தீர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் உன் அம்மா வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பைபாஸ் வந்த பிறகுதான், "நான் அவரு நல்லா இருக்காருன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன். அவரு நம்ம பிள்ள செத்துட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். நன்றி என்றால் நாம் பட்ட கடனை இறக்கி வைப்பது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதனால்தான் பயந்தேன். எதிரே இருப்பவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உதவியவர் பாதி வரைக்கும்தான் பார்க்கிறார். மீதி என்ன ஆனது என்று நமக்குத்தான் தெரியும். அதைப் போய்ச் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? மோட்டார் ஓடுகிறது என்று சொல்ல வந்தவர் அதைத்தான் செய்தார். என் கையில் அன்று ஏன் அவ்வளவு தெம்பு வந்தது என்று சுடலைமுத்து வீட்டில்தான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு நான் சில ஆட்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். இருமலுக்கு மருந்து கொடுத்த கடைக்காரரிடம் போய் இருமல் நின்றுவிட்டது என்றேன். அவர் வேறு ஏதோ வாங்க வந்திருக்கிறேன் என்று பொறுமையாகக் காத்திருந்தார். ஒன்றும் வாங்காமல் திரும்பியதும் பின்னாலிருந்து அவர் சிரித்தது கேட்டது. உன் கல்யாணத்துக்கு எனக்குச் சட்டை தைத்த டெய்லரிடம், தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னேன். ஏதோ குறை சொல்லத்தான் இப்படி ஆரம்பிக்கிறேன் என்று முகத்தை இறுக்கிக்கொண்டார். சொல்லுங்க அண்ணாச்சி, பிரிச்சுத் தைக்கணுமா என்றார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்ப்பதில் இப்போது பெரிய ஆர்வம் வந்துவிட்டது. உன் அம்மாவிடமும் ஒருநாள் சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருடத்தில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. குழம்பு நல்லாருக்கு என்றேன். என்ன வேணும் உங்களுக்கு என்று கேட்டாள். நீயும் உன் மனைவியும் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வாய் இப்படித்தான் கட்டிப்போகும். நீ ஓட்டலில் சொல்கிற ஒற்றைச் சொல் தப்பில்லை. ஆனால் அதோடு இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிப் பார். ரசம் நல்லா இருந்தது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்தப் பெரியவர் வாளியைக் கீழே வைத்திருக்க மாட்டார்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் சுடலைமுத்து என்னை விடாமல் கேள்வி கேட்டார். என்ன உயரம் இருப்பான், என்ன வேலை, அதற்குப் பிறகு வலிப்பு வந்ததா, கறி சாப்பிடுவானா, கோபக்காரனா, மழை என்றால் பயப்படுவானா. மழைக்கு நீ பயப்படுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உன்னைக் கேட்டதே இல்லை. கடைசியாக, என்னப் பத்தி அவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அவர் வருவார், ஆனால் அங்கே கூட்டத்தில் உன்னோடு பேச முடியாது. அதற்கு முன்னால் நீ வந்து இறங்குகிற அன்றைக்கே போய்விடு. நான் கூட வரவில்லை. பேச்சியம்மாளுக்கு என் முகத்தைப் பார்க்க இன்னும் பிடிக்காது, அது நியாயம்தான். அவசரமாகப் போகாதே. ஒரு பகல் முழுவதும் ஒதுக்கிக்கொண்டு போ. அவர் நிறையக் கேட்பார்.